புது அச்சில் ஒட்டிக்கொண்ட அச்சு முறுக்கு

நாகர்கோவிலில் எங்கள் வீட்டில் டிசம்பர் 20 வாக்கில் கிறிஸ்துமஸ் பலகாரம் சுட ஆரம்பித்துவிடுவோம். போன வருடம் அச்சு முறுக்குக்கு வாங்கிய பூ வடிவப் புது அச்சில் மாவு அப்படியே பிடித்துக்கொண்டது, கம்பியால் குத்திக் குத்தி எடுத்ததில் பூ இதழ் இதழாக உடைந்து எண்ணெயில் கருகியது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தை சொன்னபடி அச்சை அரிசி கழுவிய தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரம் போகத் துடைத்து, எண்ணெயில் காய்ச்சி, அதிலேயே மறுநாள்வரை விட்டேன். அப்புறம் சூடு. ஒவ்வொரு தடவையும் அச்சு எண்ணெயில் நன்றாகக் காய்ந்த பிறகே மாவில் முக்க வேண்டும், வைத்ததும் சுர்ரென்று சத்தம் வரவேண்டும், அதுவும் முக்கால் பாகம்தான், விளிம்புக்கு மேல் மாவு ஏறினால் முறுக்கு கழலவே கழலாது. அரிசி மாவு அடியில் தங்கும், அடிக்கடி கலக்கிவிடுங்கள். இப்படிச் செய்தபோது முதல் முறுக்கே லேசாக ஆட்டியதும் முழுப் பூவாக நழுவி எண்ணெயில் மிதந்தது.