கி.ரா.வின் 'கதவு' சிறுகதையைப் பதின்பருவத்தினரோடு நிகழ்த்திப் பார்ப்பது எப்படி?

கோவில்பட்டி வட்டாரத்துப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் கி. ராஜநாராயணனை அறிமுகப்படுத்த விரும்புவோர் பெரும்பாலும் அவர் பிறந்த இடைசெவலில் தொடங்கி, 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991இல் கிடைத்த சாகித்திய அகாதெமி விருதில் முடித்துவிடுகிறார்கள். அந்தத் தகவல்கள் பிறகு வரட்டும். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் ஒரு கதைக்குள் நுழைய வேண்டும்; அதற்கு அவருடைய 'கதவு' சிறுகதையே போதும்.

பதினைந்து பேருக்கு மிகாத குழுவாக அமர்த்தி, கதையைச் சுருக்கிச் சொல்லாமல், ஒருவர் மாற்றி ஒருவர் உரக்கப் படிக்கச் செய்யுங்கள். உரையாடல்களைத் தங்கள் வீட்டுப் பேச்சின் இழுவையிலேயே அவர்கள் படிக்கலாம்; மேடைத் தமிழுக்குத் திருத்தினால் கதையின் உயிர் அங்கேயே போய்விடும். பிள்ளைகள் கதவில் தொற்றிக்கொண்டு, டிக்கெட் கொடுத்து, பஸ் விளையாடும் பகுதி முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

இனி ஒரு கதவு தேவை. அட்டையில் செய்தது உதவாது. பழைய வீடு இடித்த மரச் சாமான்கள் விற்கும் கடையில் நிலையோடு கூடிய ஒற்றைக் கதவை வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். நிலையைச் சுவரோடு உறுதியாகக் கட்டி, கீல் தாங்குமா என்று பெரியவர் ஒருவர் சோதித்த பின்னரே பிள்ளைகளை அருகில் விடவேண்டும். பதினைந்து வயதில் குழந்தை விளையாட்டை ஆட வெட்கப்படுவார்கள். நடத்துநர் யார், பயணிகள் யார், பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பத்து நிமிடத்தில் கூச்சம் போய்விடும்.

ஆட்டம் சூடுபிடித்திருக்கும்போது, முன்னறிவிப்பின்றி இருவர் வந்து கதவைக் கழற்றித் தூக்கிச் செல்ல வேண்டும். தீர்வை (நிலவரி) பாக்கிக்காகக் கதவு பறிபோவதையும், மணிமுத்தாறுக்கு வேலைக்குப் போன தகப்பனிடமிருந்து பணம் வராததையும், திறந்து கிடக்கும் வீட்டுக்குள் வாடைக்காற்று நுழைவதையும் சொல்லும் மீதிக் கதையை அந்த வெற்று நிலைக்கு முன்னால் அமர்ந்து படியுங்கள். படித்து முடித்தவுடன் 'என்ன புரிந்தது' என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் மீண்டும் கதவைக் கண்டுபிடிக்கும் இறுதிக் காட்சியை, பின்னணி இசையும் வசனமும் இல்லாமல், உடலசைவால் மட்டும் நடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழுவும் அதை வேறு விதமாக நடிக்கும். விவாதம் அங்கிருந்து தானே பிறக்கும்.

ஓவியத்தில் நாட்டமுள்ளவர்கள் கரிசல் மண்ணையே வண்ணமாக்கலாம். மண்ணை நன்கு உலர்த்திப் பொடித்து, மெல்லிய துணியில் சலித்து, இரவு முழுவதும் ஊறிய கருவேலம் பிசின் கரைசலில் குழைத்தால் தாளில் ஒட்டும் கறுப்பு கிடைக்கும். கதையில் வரும் தீப்பெட்டிப் படத்தை நினைவில் வைத்து, தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்போன இந்த வட்டாரத்தில் ஆளுக்கொரு தீப்பெட்டி முகப்பை வரையச் செய்வதும் நன்றாக இருக்கும்.

கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதி தொகுத்தவர் கி.ரா. என்பதைச் சொல்ல இதுவே தருணம். ஒவ்வொருவரும் வீட்டு முதியவரிடம் ஐந்து சொற்களைக் கேட்டு, பொருளையும் அது வழங்கும் ஒரு வாக்கியத்தையும் எழுதி வரட்டும். தாத்தா பாட்டிகளையே நடுவர்களாக அழைத்தால் சண்டையும் சிரிப்புமாகப் பொழுது போகும். நாட்டுப்புறக் கதைகளையும் சேர்க்க விரும்பினால், அவர் திரட்டியவற்றில் வயது வந்தோருக்கான கதைகளும் உண்டு என்பதால், முன்பே படித்துத் தேர்ந்துகொள்ளுங்கள்.

பேச்சுப் போட்டி, வினாடி வினா, பரிசுக் கோப்பை எதுவும் வேண்டாம். கதவை நிலையில் மறுபடி மாட்டி, வரைந்த தீப்பெட்டிப் படங்களைக் கஞ்சிப் பசையால் அதிலேயே ஒட்டி, நூலக வாசலில் ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். கடைக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.