ஆப்பைத் தூக்கினால் மட்டும் போதாது

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் காலை நடைக்கு வரும் பையன்களில் மாதத்துக்கு ஒருவனாவது, "ரீல்ஸைத் தூக்கிட்டேண்ணே" என்று வந்து நிற்கிறான். பத்தே நாளில் முகம் வாடிவிடுகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். போனைத் தலைமாட்டில் வைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள். பழக்கத்தை மாற்றும்போது நாம் சறுக்குகிற இடங்கள் இவை.

காலியான நேரத்தைக் காலியாகவே விடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். 2024 அக்டோபரில் ரீல்ஸ் ஆப்பை நீக்கினேன். இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பாயில் சாய்ந்ததும் கை தானாகப் போனைத் தேடும். அதற்கு வேறு வேலை எதுவும் நான் கொடுக்கவில்லை. நவம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தது. கடலூர்க்காரன் போனில் வானிலை ரேடார் பார்த்தால் யார் குறை சொல்வார்? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தேன். 30ஆம் தேதி இரவு புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. பொங்கல் வந்தும் நான் ரேடாரை விடவில்லை. வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களிடம் பார்த்ததும் இதைத்தான். கொத்தும்போதெல்லாம் தீனி விழுந்து பழகிய புறா, தீனி நின்றால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். எப்போது விழும் என்று தெரியாமல் பழகிய புறா கொத்திக்கொண்டே இருக்கும். ரீல்ஸோ ரேடாரோ, நம் கட்டைவிரலும் அப்படித்தான் கொத்துகிறது.

அதே நேரத்தில், அதே பாயில், அதே கைக்கு ஒரு வேலை வேண்டும். எனக்கு அது பூண்டு. மறுநாள் குழம்புக்கு ஒரு தட்டு சின்னப் பூண்டை நகக்கண் எரிய எரிய உரிப்பேன். பிசுபிசுத்த விரலால் திரையைத் தொட மனசு வராது. அம்மா முதல் வாரம் சிரித்தார். இப்போது ஒன்பது மணிக்கே தட்டு வந்துவிடுகிறது. காலை ஐந்து மணி நடை நல்லதுதான். ஆனால் இரவு ஒன்பதரை மணி அரிப்பை அது தீர்க்காது. பையன்கள் ஏமாறுவது இங்கேதான்.

21 நாள் கணக்கு

நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று பிளாஸ்டிக் சர்ஜன் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960இல் எழுதினார். அதைப் போய் எல்லாப் பழக்கத்துக்கும் ஒட்டிவிட்டார்கள். ஒரு புதுப் பழக்கம் தானாக வர எத்தனை நாள் ஆகும் என்று லண்டனில் ஆய்வாளர் பிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துக் கணக்கிட்டபோது சராசரியாக 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை.

ஒரு நாள் விட்டுப்போனால்

போகட்டும். அதே ஆய்வில், ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை.

நாலு பழக்கத்தை ஒன்றாகத் தொடங்குவது

வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் பூண்டு உரிப்பது

இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதைப் பழக்கத்தோடு போட்டுக் குழப்பாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.