வேறு வேலையிலிருந்து நர்சிங்குக்கு: "ஆன்லைன்" என்று நம்பிக் கிளம்பும் முன்

தரமணியில் ஆறு வருடம் டெஸ்டிங் வேலை பார்த்த என் தங்கை, கல்யாணமாகி ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தருவது) டெக்சாஸ் கிளம்பும் நேரம். "அக்கா, அங்கே பதினாறு மாதத்தில் நர்ஸ் ஆகிவிடலாமாம். பாடமெல்லாம் ஆன்லைனாம்" என்றாள். பாதி சரி. மீதிப் பாதி புரிய எங்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று. நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றதை, செய்ய வேண்டிய வரிசையில் சொல்கிறேன்.

முதல் படி: எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறீர்கள்?

இங்கேயே என்றால் குறுக்குவழி கிடையாது. பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு, ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ 3 ஆண்டு. கையில் பி.இ., பி.காம். இருப்பதற்காக அது குறையாது. ஆன்லைனிலும் தொலைநிலையிலும் நடத்தக் கூடாத படிப்புகளின் பட்டியலில் யுஜிசி நர்சிங்கை வைத்திருக்கிறது. "வீட்டிலிருந்தே நர்சிங் டிப்ளமோ" என்று மின்கம்பத்தில் நோட்டீஸ் பார்த்தால் நிற்காமல் நடையைக் கட்டுங்கள்.

அமெரிக்காவில், வேறு டிகிரி வைத்திருப்பவர்களுக்கென்றே ஏ.பி.எஸ்.என். என்ற துரிதப் படிப்பு உண்டு. பெரும்பாலும் 12 முதல் 18 மாதம். இதில் ஹைப்ரிட் என்றால் தியரி மட்டும்தான் ஆன்லைன். ஊசி போடவும் கதீட்டர் வைக்கவும் பழகும் லேப், மருத்துவமனை வார்டில் நோயாளிகளோடு செய்யும் கிளினிகல் பயிற்சி இரண்டும் நேரில்தான். சென்னையில் உட்கார்ந்து முடிக்கவே முடியாது.

இரண்டாம் படி: விசா

இதைப் பார்க்காமல் விண்ணப்பக் கட்டணம் கட்டாதீர்கள். எஃப்-1 மாணவர் விசாவில், முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு ஆன்லைன் வகுப்பைத்தான், அதாவது 3 கிரெடிட்டைத்தான், சேர்த்துக்கொள்வார்கள். அதனால் ஹைப்ரிட் படிப்பு அவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. வளாகத்திலேயே நடக்கும் வகுப்புகளைத் தேட வேண்டும். ஹெச்-4 இருந்தால் படிக்கத் தடையில்லை. ஆனால் முடித்த பிறகு வேலைக்குப் போகத் தனி அனுமதி வேண்டும், அது கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வீட்டில் உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு சண்டையே நடந்தது.

மூன்றாம் படி: டிரான்ஸ்கிரிப்ட்

டிரான்ஸ்கிரிப்ட் என்றால் பல்கலைக்கழகம் தரும் முழு மதிப்பெண் ஆவணம். சேப்பாக்கமோ கிண்டியோ, உங்கள் பல்கலைக்கழகத்தில் விமானம் ஏறும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அங்கே போன பிறகு அப்பாவை அலையவிடுவது பாவம். நம் படிப்பு அமெரிக்கப் படிப்புக்கு எந்த அளவு சமம் என்று சொல்லும் மதிப்பீட்டு நிறுவனத்திடம் பாடவாரியான அறிக்கை கேளுங்கள். என் தங்கை விலை குறைவு என்று பொது அறிக்கை வாங்கி, பிறகு மறுபடி பணம் கட்டினாள். பல கல்லூரிகள் 4-க்கு 3.0 ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) எதிர்பார்க்கும். அரியர் வைத்துத் தேறியவர்கள் சில அறிவியல் பாடங்களை நல்ல மதிப்பெண்ணோடு புதிதாகப் படித்துக் காட்டுவது உதவும்.

நான்காம் படி: முன்பாடங்கள்

நர்சிங்கில் சேரும் முன்பே முடித்திருக்க வேண்டிய பாடங்கள் இவை. விளம்பரத்தில் வரும் பதினாறு மாதத்தில் இவை சேராது. அனாட்டமி-பிசியாலஜி இரண்டு பகுதி, மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், சைக்காலஜி, நியூட்ரிஷன். இன்ஜினியருக்குப் புள்ளியியலோ வேதியியலோ ஏற்கெனவே படித்ததாகக் கழியலாம், உடற்கூறியல் கழியாது. ஆக, இன்னும் ஓராண்டுகூட ஆகலாம். இவற்றில் சிலதை ஆன்லைனில் இங்கிருந்தே படிக்கலாம். ஆனால் நியூயார்க்கில் மாலை ஆறரை மணி வகுப்பு என்றால் நமக்கு விடியற்காலை நான்கோ ஐந்தோ. பால் பாக்கெட் வரும் முன்பே எழுந்துவிட வேண்டும். ஆன்லைன் லேபை ஏற்பார்களா, எத்தனை வருடம் பழைய மதிப்பெண் செல்லும் என்று சேரப்போகும் கல்லூரியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

ஐந்தாம் படி: கல்லூரியிடம் கேட்க வேண்டியவை

நர்சிங் படிப்புகளைத் தரம் பார்க்கும் சிசிஎன்இ அல்லது ஏசென் அமைப்பின் அங்கீகாரம் உண்டா, மாநில நர்சிங் போர்டு அனுமதித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம்தான் முக்கியமான கேள்வி: கிளினிகல் எந்த மருத்துவமனையில்? வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? 12 மணி நேர ஷிப்டா? இரவும் உண்டா? மருத்துவமனையை அவர்களே ஏற்பாடு செய்வார்களா, நாமே தேட வேண்டுமா? தங்கைக்குக் கிடைத்த வார்டு 40 மைல் தள்ளி. சென்னையில் ஸ்கூட்டியோடு நிறுத்திக்கொண்டவள், அங்கே போய் கார் ஓட்டக் கற்றாள். நீங்கள் இங்கேயே கற்றுக்கொண்டு போங்கள்.

ஆறாம் படி: தடுப்பூசிச் சான்றுகள்

ஹெபடைடிஸ் பி, எம்எம்ஆர், சின்னம்மை எல்லாம் கேட்பார்கள். காசநோய்க்குத் தோல் பரிசோதனை செய்தால், சின்ன வயதில் பிசிஜி போட்ட நமக்கு நோய் இல்லாமலே பாசிட்டிவ் காட்டக்கூடும். "ரத்தப் பரிசோதனையாகச் செய்யுங்கள்" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

படிப்பு முடிந்ததும் நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வு. 5 மணி நேரம். உங்கள் பதில்களைப் பொறுத்து கணினி 85 கேள்வியிலும் நிறுத்தும், 150 வரையும் இழுக்கும். லைசென்ஸுக்குச் சில மாநிலங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) கேட்கும். ஹெச்-4-இல் வேலை அனுமதி இல்லாமல் அது கிடைப்பது கடினம். தங்கை இப்போது அந்த வேலை அனுமதிக் கடிதத்துக்காகத்தான் தபால் பெட்டியைத் தினமும் திறந்து பார்க்கிறாள்.