இறக்கை தொலைந்த விமானத்துக்கு நான்கு சக்கரம்

என் தொழில் பல் செட் செய்வது. புதுச்சேரி மிஷன் வீதிக்குப் பின்னால் சின்ன லேப். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய சார்ஜர்களுக்கும் கடிகாரங்களுக்கும் நடுவே ஒட்டிச் செய்யும் ஒரு பிளாஸ்டிக் விமான கிட் கிடந்தது: எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் என்ற அமெரிக்கப் போர் விமானம், 1/72 அளவு. இடது இறக்கையைக் காணோம். "ஒன்று குறைகிறது, அதனால்தான் சார் இந்த விலை" என்றார் கடைக்காரர். நான் அதை வேகக் கார் மாடலாக்கப் போகிறேன், எனக்கு இறக்கை இரண்டுமே வேண்டாம் என்று சொன்னால் விலையை ஏற்றிவிடுவாரோ என்று பேசாமல் வாங்கி வந்தேன்.

நிஜத்திலேயே ஒரு ஸ்டார்ஃபைட்டரின் உடலை எடுத்து 'நார்த் அமெரிக்கன் ஈகிள்' என்ற வேகக் காராக மாற்றினார்கள். 2019 ஆகஸ்டில் ஜெஸ்ஸி கோம்ப்ஸ் ஓரிகன் மாநிலத்தின் ஆல்வோர்ட் பாலைவனத்தில் அதை மணிக்கு 841 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். அந்த முயற்சியிலேயே முன் சக்கரம் பழுதாகி உயிரிழந்தார். அதனால் சக்கரத்தை மட்டும் நான் அலட்சியமாகச் செய்யவில்லை.

முதலில் அறுவை. உடல் 23 செ.மீ. நீளம் வரும். வாலின் உச்சியில் படுக்கையாக உள்ள துண்டை மெல்லிய ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். எங்கள் லேபில் பல் தேய்க்கும் சுழல் கருவியான மைக்ரோமோட்டாரைத் தொடாதீர்கள், சூட்டில் பிளாஸ்டிக் இழுபடும். செங்குத்து வாலை விட்டுவைக்க வேண்டும். அம்புக்குப் பின்னிறகு போல வண்டியை நேராக வைத்திருப்பது அதுதான். பக்கவாட்டுக் காற்றுவாய்களும் இருக்கட்டும், எஞ்சின் மூச்சுவிட வேண்டாமா?

இறக்கை இருந்த பிளவை அடைக்கும்போதுதான் என் தொழில்புத்தி காலை வாரியது. பல் செட்டுக்குப் பயன்படும் அக்ரிலிக்கைக் குழைத்துப் பூசினேன். அதன் திரவம் கிட் பிளாஸ்டிக்கையே கரைத்து, விலாப்பக்கம் வெயிலில் வைத்த வெல்லம் போல உள்வாங்கிவிட்டது. நீங்கள் உடலின் இரு பாதிகளை ஒட்டும் முன்பே பிளவுக்கு உள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பட்டையை ஒட்டி, வெளியே எம்-சீல் நிரப்புங்கள். ஒரு இரவு விட்டு, 400 எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1000 வரை தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கண்ணை நம்பாமல் நகத்தால் தடவிப் பாருங்கள். பல் செட்டின் ஓரத்தையும் நான் அப்படித்தான் பார்ப்பேன்.

இனி சக்கரம். இவ்வளவு வேகத்தில் ரப்பர் டயர் சுழற்சியிலேயே பிய்ந்து பறக்கும், அதனால் கெட்டி அலுமினியம்தான். பிளட்ஹவுண்ட் என்ற பிரிட்டிஷ் வேகக் காரின் சக்கரம் 90 செ.மீ. விட்டம், அதை 72-ஆல் வகுத்தால் 12.5 மி.மீ. அரை அங்குல அலுமினியக் கம்பி 12.7 மி.மீ. இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. லேத் பட்டறையில் 3 மி.மீ. தடிமனில் நான்கு வில்லைகள் வெட்டி, நடுவில் 2 மி.மீ. துளை போடச் சொன்னேன். "யாருக்கு சார் அலுமினியப் பல்?" என்றார் பட்டறைக்காரர். அச்சுக்குச் சைக்கிள் கம்பி போதும்.

முன் சக்கரங்கள் இரண்டும் நெருங்கி மூக்கின் வயிற்றுக்குள் பாதி மறைய வேண்டும். பின்னவை வாலருகே, உடலை விட்டு அகன்று, மீந்த வலது இறக்கையில் வெட்டிய துண்டுகளால் மூடிய தாங்கு கைகளில் நிற்க வேண்டும். பலரும் விமானத்துக்குச் சக்கரம் மாட்டிவிட்டுக் கார் என்கிறார்கள். அது ஓடுபாதையில் மேலே கிளம்பக் காத்திருக்கும் விமானமாகவே தெரியும். முன் அச்சுத் துளையை 1 மி.மீ. மேலே போடுங்கள், மூக்கு ஒரு இழை தாழும். அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் அது கார் ஆகிறது.

துளை கோணாமல் இருக்க, உடலில் வாசலின் தடவிக் குப்புற அல்ல, மல்லாக்க ஈரப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பாதி அமிழ்த்தி இறுக விடுங்கள். அந்தப் பிளாஸ்டர் படுக்கையில் உடல் அசையாது, இரு கையாலும் துளையிடலாம். சக்கரத்தை ஒட்ட அரால்டைட். ஃபெவிக்விக் சுற்றிலும் வெள்ளைப் புகை படர்த்தும்.

ஸ்ப்ரே பெயிண்டை ஐப்பசி, கார்த்திகையில் தொடாதீர்கள். ஈரக் காற்றில் பால் தெளித்தது போல மங்கிவிடும். நான் தை மாதம் வரை பொறுத்து, வெயில் ஏறிய பிறகு மொட்டை மாடியில் அடித்தேன். நிறம் உங்கள் விருப்பம். வேகக் கார்களில் பிரிட்டனின் ரிச்சர்ட் நோபிள் ஓட்டிய திரஸ்ட்-2 பொன்னிறம், 1997-இல் ஒலியின் வேகத்தைத் தாண்டிய திரஸ்ட் எஸ்.எஸ்.சி. கறுப்பு. நான் கறுப்பு அடித்தேன், எம்-சீல் தழும்பு மறையும்.

நிறுத்தி வைக்க ஒரு தளம் வேண்டுமே. வேகக் கார்கள் ஓடும் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பான்வில் உப்புவெளியை நினைத்து, மரக்காணத்து உப்பையே பலகையில் ஒட்டினேன். கடற்காற்றில் அது வியர்த்து வழிந்தது. மூன்றாம் வாரம் சக்கரங்களில் வெள்ளைப் பொட்டுகள். சக்கரங்களைத் தேய்த்து மெருகேற்றி, உப்பைச் சுரண்டிவிட்டு, லேபில் மிஞ்சிய பிளாஸ்டரைத் தூவினேன். இப்போது ஷோகேஸில் பல் செட்டுகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வருகிறவர்கள் முதலில் அதைத்தான் விலை கேட்கிறார்கள்.