பகலில் ஓடாத டெக்: பழைய வீடியோ பிளேயரை மீண்டும் ஓட வைப்பது எப்படி

1986-இல் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த டெக், எங்கள் வீட்டுப் பரணில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தூங்கியது. பதிவு செய்யும் வி.சி.ஆர்., ஓட்ட மட்டும் தெரிந்த வி.சி.பி. என்று கடைக்காரர்கள் பிரித்துச் சொல்வார்கள். வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்த நமக்கு எல்லாமே டெக்தான். கடந்த பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது அதைக் கீழே இறக்கினேன். மூன்று வாரத்தில் ஓட வைத்துவிட்டேன். உண்மையான வேலை மூன்று நாள்தான். மீதி நாட்களை விழுங்கியது ஒரே ஒரு சில்லறைக் காரணம். அது கீழே வருகிறது.

செருகுவதற்கு முன்

பின்புறத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். சிங்கப்பூர், வளைகுடா நாட்டுப் பெட்டிகள் நம் 230 வோல்ட்டுக்குப் பெரும்பாலும் பொருந்தும். அமெரிக்காவிலிருந்து வந்தது 120, ஜப்பான் உள்நாட்டுப் பெட்டி 100. அவற்றை நேராகச் செருகினால் புகைதான் வரும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். மூடியைத் திறக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பிடுங்கிய பிறகும் மின்வழங்கிப் பலகையிலுள்ள பெரிய கண்டென்சர்கள் கொஞ்ச நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அந்தப் பக்கம் விரலை நீட்டாதீர்கள்.

புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1975-இல் வந்த பீட்டாமேக்ஸ் என்ற கேசட் வகை மீது சேகரிப்பாளர்களுக்குத் தனிப் பாசம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் முதல் பெட்டியாக அதை வாங்காதீர்கள். மறு ஆண்டு வந்த வி.எச்.எஸ். வகைக்குத்தான் கேசட்டும் கிடைக்கும், உதிரிக்காகக் கழற்றிக்கொள்ள இன்னொரு செத்த பெட்டியும் கிடைக்கும். பியானோ கட்டைபோல அழுத்தும் பொத்தான்களும் மேலே திறக்கும் வாயும் கொண்ட ஆரம்பகால மாடல் கண்ணில் பட்டால், கனத்தைப் பார்த்துப் பயப்படாமல் தூக்கி வந்துவிடுங்கள். உள்ளே இரும்பு அதிகம், உடையும் பிளாஸ்டிக் பல்சக்கரம் குறைவு.

பெல்ட்டும் ரப்பர் சக்கரமும்

திறந்ததும் நான் பார்த்தது தார். ரப்பர் பெல்ட் உருகி, கப்பிகளில் கறுப்புப் பிசினாக ஒட்டியிருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துப் பொறுமையாகத் துடைத்தால் போகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு நகக்கண்ணில் ஏறிய கறுப்பு ஒரு வாரம் போகவில்லை.

புது பெல்ட்டுக்கு அளவெடுக்க, இரண்டு கப்பிகளையும் சுற்றி ஒரு நூலைக் கட்டி வெட்டுங்கள். அந்த நீளத்தைவிடச் சுமார் ஐந்து சதவீதம் சிறிய பெல்ட் வேண்டும். நூலை எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால், டேப் ரெக்கார்டர் பெல்ட் விற்கும் கடையில் தோரணம்போலத் தொங்குவதிலிருந்து பொருத்தமானதைத் தேடிக் கொடுப்பார்கள். மாடல் எண்ணைச் சொன்னால் சிரிப்பார்கள், நூலைக் காட்டினால் மதிப்பார்கள்.

ரீலைச் சுழற்றும் சின்ன ரப்பர் சக்கரத்தை மெக்கானிக்குகள் ஐட்லர் என்பார்கள். அது இறுகி வழுக்கினால் ஓடி முடித்த நாடா ரீலில் சுற்றிக்கொள்ளாமல் உள்ளே குவியும். "டெக் கேசட்டைத் தின்றுவிட்டது" என்று நாம் சொன்னது பெரும்பாலும் இதைத்தான். மெல்லிய உப்புத்தாளால் ஓரத்தை லேசாகத் தேய்த்தால் சில மாதம் தாங்கும். மாற்றுவதே நல்லது.

டிரம்மைத் துடைப்பது

நடுவில் சாய்வாக நிற்கும் பளபளப்பான உருளைதான் டிரம். நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) முறையில் அது நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றும். நாடாவோ நொடிக்கு இரண்டே கால் சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். படத்தை எடுக்கும் ஹெட், டிரம்மின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துருத்தி நிற்கும் ஒரு துணுக்கு. காது குடையும் பஞ்சுக் குச்சியால் மேலும் கீழும் தேய்த்தால் அது உடையும், பிறகு பெட்டி பழைய இரும்புக்குத்தான். வெள்ளை ஏ-4 தாளில் ஒரு பட்டை கிழித்து ஆல்கஹாலில் நனையுங்கள். அதை டிரம் மேல் அழுத்தாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் டிரம்மின் தலையைத் தொட்டு மெல்லச் சுற்றுங்கள். தாள் நகரக்கூடாது, டிரம் மட்டும் சுற்ற வேண்டும். தாளில் பழுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை தாளை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கேசட் வடிவில் வரும் சுத்தப்படுத்தும் நாடாவை நான் நம்புவதில்லை.

இப்போது என் மூன்று வாரக் கதை

எல்லாம் மாற்றி முடித்த அன்று இரவு பதினோரு மணிக்குக் கேசட்டைப் போட்டேன், ஓடியது. காலையில் எழுந்து அதே கேசட்டைப் போட்டால் நாடாவை இழுத்து டிரம்மில் சுற்றியது, உடனே விட்டுவிட்டது, நின்றது. மறுபடி அழுத்தினால் மறுபடி அதே. இரவில் ஓடும், பகலில் ஓடாது. பகலில் மின்னழுத்தம் குறைகிறது என்று முடிவுகட்டி ஸ்டெபிலைசர் வாங்கினேன். பிறகு மின்வழங்கியில் இருந்த கண்டென்சர்களை எல்லாம் மாற்றினேன். பிறகு மோட்டாரைச் சந்தேகித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூடி திறந்த டெக்கின் முன் உட்கார்ந்திருந்தேன். அம்மா காபி டம்ளரோடு வந்து ஜன்னலை மறைத்து நின்றார். டெக் ஓடத் தொடங்கியது. "ஓடுதே" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். நின்றது. "அம்மா, அங்கேயே நில்லுங்கள்" என்றேன். நின்றார், ஓடியது. காபி ஆறும்வரை அவரை நகர விடவில்லை.

நடந்தது இதுதான். வி.எச்.எஸ். நாடாவின் இரு முனைகளிலும் ஒளி ஊடுருவும் தெளிவான துண்டு ஒட்டியிருக்கும். கேசட்டின் அடியில் நடுவே இருக்கும் துளைக்குள் டெக்கிலிருந்து ஒரு சிறு விளக்கு நுழையும். கேசட்டின் இரு பக்கமும் ஒளி உணரி ஒவ்வொன்று உண்டு. கறுப்பு நாடா மறைத்திருக்கும் வரை உணரிக்கு வெளிச்சம் எட்டாது. தெளிவான துண்டு வந்ததும் எட்டும். "நாடா முடிந்தது, நிறுத்து" என்று டெக் புரிந்துகொள்ளும். மூடியைக் கழற்றி வைத்தால் ஜன்னல் வெயிலே உணரியில் விழுகிறது. டெக்கின் கணக்கில் நாடா எப்போதும் முடிந்துபோனதுதான். உணரி கவனிப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை. வெயிலிலும் பழைய குண்டு பல்பிலும் அது அதிகம், எல்.இ.டி. பல்பில் மிகக் குறைவு. அதனால்தான் இரவில் எல்.இ.டி. வெளிச்சத்தில் ஓடியது.

எனவே மூடியில்லாமல் சோதிக்கும்போது கேசட் கூட்டின் மேலும் இரு பக்கமும் தடித்த அட்டையை வையுங்கள். நான் வைத்தது போன ஆண்டின் தினசரி காலண்டர் அட்டை. பிள்ளையார் படம் மேலே இருக்கும்படி வைத்தேன், அம்மா சொன்னதால்.

இதை வேறு பழுதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உடனே நின்றால் வெளிச்சத்தைச் சந்தேகியுங்கள். நான்கைந்து நொடி ஓடிவிட்டு நின்றால், நாடாவைச் சுற்றிக்கொள்ளும் ரீல் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லை என்றால் குற்றவாளி ஐட்லர்தான்.

கேசட்டில் பூஞ்சை

கடற்காற்று வீசும் ஊரில் இது இல்லாத வீடு இல்லை. கேசட்டின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். சுற்றிய நாடாவின் விளிம்பில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள். அந்தத் தூள் ஹெட்டில் ஏறி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். கல்யாண கேசட்டாக இருந்தால் ஆசையை அடக்கிக்கொண்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் சில வாரம் உலர விடுங்கள். முகக்கவசத்தோடு மொட்டை மாடியில் வைத்துத் துடைப்பது அதற்குப் பிறகு. முதல் சோதனைக்கு எப்போதும், போனால் போகட்டும் என்ற கேசட்டையே போடுங்கள்.

டிவியில் இணைப்பது

மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிதான், சொல்வதற்கு ஒன்றுமில்லை. படத்தில் கோடு விழுந்தால் டிராக்கிங் குமிழைத் திருகுங்கள். தட்டை டிவிகள் பழைய நாடாவின் நடுக்கத்தைத் தாங்காமல் நீலத் திரையைக் காட்டும். அதனால் நான் ஒரு குண்டு டிவியைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன், வீட்டில் எத்தனை பேச்சு வாங்கினாலும்.

பின்சேர்க்கை 1: அட்டை வைத்தும் ஓடவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடையது மேலே திறக்கும் பழைய மாடல். அதில் கேசட் துளைக்குள் நுழையும் விளக்கு எல்.இ.டி. அல்ல, இழை விளக்கு. அது எரிந்துபோனால் டெக் எந்தப் பொத்தானுக்கும் அசையாது, நாடாவைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு அது. விளக்கை மாற்றியதும் அவருக்கு ஓடிவிட்டது. எல்.இ.டி. உள்ள மாடலில் அது எரிகிறதா என்று பார்க்க, கேசட் இல்லாமல் டெக்கை இயக்கிச் செல்போனின் முன்பக்கக் கேமராவைக் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி திரையில் வெளிறிய ஊதாப் புள்ளியாகத் தெரியும்.

பின்சேர்க்கை 2: ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய், கேசட் உள்ளே மாட்டிக்கொண்டால் கத்தரியை எடுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நாடாவை ஏற்றி இறக்கும் சிறு மோட்டாரின் தண்டைக் கையால் சுற்றுங்கள். ஒரு திசையில் நாடா டிரம்மை விட்டு இறங்கும். தளர்ந்து தொங்கும் நாடாவை ரீலைத் திருகி உள்ளே இழுத்த பிறகும் அதே திசையில் சுற்றிக்கொண்டே இருங்கள். எனக்கு இருபது நிமிடம் ஆனது. பக்கத்து வீட்டுத் தாத்தாவின் மணிவிழாக் கேசட் ஒரு சுருக்கம்கூட விழாமல் வெளியே வந்தது.