தானியங்கிக் கிளட்ச்: ஒரு சின்னத் திருகில் நாம் செய்யும் பெரிய தவறுகள்

ராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஹோண்டா சி70 என் பெரியப்பா வைத்திருந்த வண்டி. 72 சிசி இன்ஜின், மூன்று கியர், கையில் கிளட்ச் லீவர் கிடையாது. 1958-இல் வந்த ஹோண்டாவின் முதல் சூப்பர் கப் வண்டியிலிருந்தே இந்த வண்டிக் குடும்பத்துக்கு அதுதான் அடையாளம். இடது கை சும்மா இருக்க, காலால் மட்டும் கியர் மாற்றிக்கொண்டு போகலாம். இந்த வண்டியின் வலப்பக்க இன்ஜின் மூடியில், வெளியே தெரியும்படி ஒரு லாக் நட்டும் அதன் நடுவே பிளவுள்ள ஒரு திருகும் இருக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலர், வண்டியில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் கை வைப்பது அந்தத் திருகில்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன் என்பதால், அதில் நேரும் தவறுகளை விளக்கமாக எழுத விரும்புகிறேன்.

அந்தத் திருகு என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதைத் திருப்புவதே முதல் தவறு. இன்ஜினின் சுழற்சியைக் கியர்களோடு இணைப்பதும் விலக்குவதும்தான் கிளட்ச். இந்த வண்டியின் கிளட்சுக்கு இரண்டு வேலைகள் உண்டு. இன்ஜின் வேகம் கூடும்போது உள்ளே இருக்கும் எடைகள் சுழற்சியின் விசையால் வெளிப்பக்கம் ஒதுங்கி, பிளேட்டுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கவைக்கின்றன; வேகம் குறைந்தால் பிடி தானாகவே விட்டுப்போகிறது. இதில் அந்தத் திருகுக்கு எந்தப் பங்கும் இல்லை. இரண்டாவது வேலை, நாம் கியர் லீவரை மிதிக்கும் கணத்தில் நடப்பது: லீவரின் தண்டோடு இணைந்த ஒரு கை, கியர் மாறுவதற்குச் சற்று முன்பாகவே கிளட்சை விலக்கிவிடுகிறது. அந்த விலக்கலுக்கு எவ்வளவு இடைவெளி, பட்டறைச் சொல்லில் எவ்வளவு ‘பிளே’, என்பதை மட்டுமே அந்தத் திருகு தீர்மானிக்கிறது. இடைவெளி கூடிப்போனால் கிளட்ச் முழுதாக விலகாமல் கியர் ‘டக்’கென்று அடித்து விழும். இடைவெளியே இல்லாமல் போனால் கிளட்ச் எப்போதும் அரைகுறையாக விலகியே நின்று ஸ்லிப் ஆகும். ஆக்சிலரேட்டரைத் திருகினால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது, கிக்கரை உதைத்தாலும் கால் வழுக்கிக்கொண்டு போகும்.

ஐட்லிங்கை, அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை, பார்க்காமல் கிளட்சைச் சரிசெய்வது அடுத்த தவறு. நான் ஒரு மாதத்தை வீணாக்கியது இதில்தான். முதல் கியர் போட்டதும் வண்டி முன்னால் துள்ளியது. நான் திருகை மாற்றி மாற்றித் திருப்பிப் பார்த்தேன். சில நாள் துள்ளியது, சில நாள் ஸ்லிப் ஆனது. உண்மையில் கார்புரேட்டரில் ஐட்லிங் கூடுதலாக வைக்கப்பட்டிருந்தது. சி70-க்கு நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்று போதும். அதைவிட வேகமாக ஓடினால், நின்ற நிலையிலேயே எடைகள் ஒதுங்கத் தொடங்கிக் கிளட்ச் பாதி பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் எந்தத் திருகாலும் அதை விடுவிக்க முடியாது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கைக் குறைத்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகும் துள்ளினால்தான் திருகுக்கு வரவேண்டும். செயின் தளர்ந்திருந்தாலும் இதே ‘டக்’ சத்தம் கேட்கும் என்பதால், அதன் தொய்வு 10 முதல் 20 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்பதையும் அதே வேளையில் பார்த்துவிடலாம்.

ஆயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தக் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்தபடி வேலை செய்வது. எரிபொருள் சிக்கனம் என்று எழுதிய கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கும். அவை பிளேட்டின் பிடியையும் குறைத்துவிடும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்ற குறி (ஆயிலில் நனையும் கிளட்சுகளுக்கான ஜப்பானியத் தரக்குறி) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எம்.பி. என்ற குறி, கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு உரியது. சி70-க்கு வேண்டியது சுமார் 0.8 லிட்டர்தான், அளவுக்குச்சியைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா வைத்து எடுத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் வண்டியை இறக்கியவர்கள், மறுநாளே அந்தக் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீயின் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆயிலை மாற்றாமல் கிளட்சைச் சரிசெய்வதில் பயனில்லை.

இனித் திருகைப் பார்க்கலாம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யக் கூடாது. அணைத்துவிட்டு, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, திருகின் பிளவு இப்போது எந்தத் திசையில் நிற்கிறது என்பதைச் சிறு பெயிண்ட் கோட்டால் மூடியின் மேல் குறித்துக்கொள்ளுங்கள். காசிமேட்டுக் கடற்காற்று படும் வண்டிகளில் இந்த நட் துருவேறி இறுகியிருக்கும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவைத்து, காலையில் ரிங் ஸ்பேனரால் இளக்க வேண்டும். மூடி அலுமினியம் என்பதை மறந்து நீண்ட கைப்பிடி போட்டு முறுக்கினால் மரை போய்விடும். பிளவின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தாத திருப்புளியும் ஆகாது. விளிம்பு ஒருமுறை சிதைந்துவிட்டால் பிறகு நுணுக்கமாகத் திருப்பவே முடியாது.

நட்டை இளக்கியதும் திருகை வலஞ்சுழியாக ஒரு முழுச் சுற்றுத் திருப்புங்கள். பிறகு இடஞ்சுழியாக மெல்ல, மிக மெல்லத் திருப்பிக்கொண்டே வாருங்கள். தொடக்கத்தில் திருகு வெண்ணெயில் ஓடுவதுபோல எளிதாக ஓடும். ஓரிடத்தில், யாரோ உள்ளிருந்து விரலால் தடுப்பதுபோல, இலேசாகக் கனக்கும். அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் போகிறதே என்று அழுத்தித் திருப்புவதுதான் பெரும்பாலான கிளட்சுகளைப் பாழாக்கும் தவறு, ஏனெனில் அந்தக் கனத்துக்கு அப்பால் திருப்பும் ஒவ்வொரு இழையும் கிளட்சை விலக்கிக்கொண்டே இருக்கிறது. கனம் தெரிந்த இடத்திலிருந்து வலஞ்சுழியாக எட்டில் ஒரு சுற்று மட்டும் பின்வாங்க வேண்டும். கடிகார முகத்தில் பன்னிரண்டைக் காட்டும் பிளவு முனை ஒன்றரைக்கு வந்து நிற்கும் அளவு அது. அதற்குப் பிறகு திருப்புளியை எடுத்துவிட்டு நட்டை முறுக்கக் கூடாது. நட் இறுகும்போது திருகையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். எட்டில் ஒன்று என்று வைத்தது கால் சுற்றாகிவிடும். ஒரு கையால் திருப்புளியை அசையாமல் பிடித்தபடியே மறு கையால் நட்டை இறுக்குங்கள். வேறு மாடலாக இருந்தால் திசையையும் அளவையும் அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு சோதனை. கிக்கரை உதைத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும். முதல் கியர் போட்டதும் இன்ஜின் அணையக் கூடாது, வண்டி தானாக ஊர்ந்துபோகவும் கூடாது. ஆக்சிலரேட்டரை மெல்லக் கொடுத்தால் உதறாமல் கிளம்ப வேண்டும்.

சரிசெய்ததை ஓட்டும் பழக்கத்தால் கெடுத்துக்கொள்வதும் உண்டு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது கியரில் போட்டுப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்சிலரேட்டரை உறுமவிடுகிறோம். பிளேட்டுகள் பிடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தேய்ந்து, மேற்பரப்பு கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிடுகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் ஊர்ந்து போகும்போது காலைக் கியர் லீவரின் மேலேயே வைத்திருப்பதும் அதே கேடுதான்: லீவர் இலேசாக அழுந்தினாலே கிளட்ச் விலகத் தொடங்கிவிடும்.

இத்தனையும் செய்த பிறகும் மேட்டில் ஏறும்போது ஸ்லிப் ஆனால், திருகை விட்டுவிடுங்கள். பிளேட்டுகள் தேய்ந்திருக்கின்றன, மூடியைக் கழற்றத்தான் வேண்டும். அப்போது கிளட்சின் நடு நட்டை உளி வைத்துத் தட்டிக் கழற்ற யாரையும் விடாதீர்கள். காடி வெட்டிய அந்த நட்டுக்கென்றே தனிச் சாக்கெட் உண்டு. என் வண்டியில் முன்பொரு பட்டறையில் உளியால் தட்டியதில் காடிகள் மழுங்கி, நட்டையே புதிதாகப் போட வேண்டியதாயிற்று. இந்த இன்ஜினில் கிளட்சின் முகப்புத் தட்டுக்குள்தான் ஆயிலின் கசடு சேரும் சுழல் வடிகட்டி இருக்கிறது. மூடி திறந்திருக்கும்போதே அந்தக் கருஞ்சேற்றை வழித்துத் துடைத்து, புதுப் பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைத்து மாட்டி, மூடியின் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட்டையும் புதிதாகப் போட்டு மூடுங்கள். மூடியபின் திருகை மேலே சொன்னபடி முதலிலிருந்து வைக்க வேண்டும்.