பீங்கான் விளக்கு மாட்டப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கும் பழைய பொருள் கடைகளுக்குள் போனால், எனாமல் தூக்குகளுக்கும் தேக்குத் தூண்களுக்கும் நடுவே எங்கேயாவது ஒரு பெட்டியில் பீங்கான் ஹோல்டர், பித்தளை மூடி போட்ட உருண்டை சுவிட்ச், ஒயர் ஓட்டுவதற்கான குமிழ்கள் எல்லாம் தூசியோடு கிடக்கும். ஒன்றை எடுத்துத் துடைத்தால் நேற்றுச் சூளையிலிருந்து எடுத்தது போல வெள்ளையாக இருக்கும். அதே பாணியில் இப்போது புதிதாகவும் செய்கிறார்கள். கூரையில் ஒயரை இணைக்கும் பீங்கான் ரோஸ், துணி சுற்றிய ஒயர், கீழே குழிந்த பீங்கான் தொப்பி, அதற்குள் ஒரு ஃபிலமென்ட் பல்பு. ஹாலிலோ சாப்பாட்டு மேசை மேலேயோ அது தொங்கும்போது வீட்டுக்கே ஒரு நிதானம் வந்துவிடுகிறது, எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. ஆனால் மாட்டும் விதத்தில் நடக்கிற தவறுகளைப் பார்த்தால் பயமாகவும் இருக்கிறது.

பெரிய தவறு, பீங்கான் புதுசு போல இருப்பதால் உள்ளே இருப்பதும் நன்றாகத்தான் இருக்கும் என்று நம்புவது. பீங்கான் 1200 டிகிரிக்கு மேல் சுட்டு எடுக்கப்படுவது. மேலே கண்ணாடி போன்ற பூச்சும் இருப்பதால் ஐம்பது, அறுபது வருடம் அதற்கு ஒன்றுமே இல்லை. உள்ளே இருக்கும் பித்தளைக்கும் ஸ்பிரிங்குக்கும் அப்படி இல்லை. ஸ்பிரிங் தளர்ந்தால் பல்பின் அடியில் இருக்கும் புள்ளிகளோடு சரியாக ஒட்டாது, ஒட்டாத இடத்தில் பொறி பறக்கும், அந்த இடம் சூடாகிக் கருகும். பழைய ஒயர் இன்னும் மோசம். ரப்பர் மேல் பருத்தி நூல் சுற்றிய அந்த ஒயரை லேசாக வளைத்துப் பாருங்கள், ரப்பர் பொடிப்பொடியாக உதிரும். அதனால் பழசை வாங்கினால் பீங்கானை மட்டும் வைத்துக்கொண்டு உள் பாகம், ஒயர் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள். உள் பாகத்தைக் கழற்றவே முடியாத ஹோல்டர் என்றால் அதை அலமாரியில் அழகுக்கு வைக்கலாம், கரண்ட் கொடுக்க வேண்டாம்.

வாங்கும்போதே விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரல் நகத்தால் தட்டினால் நல்ல பீங்கான் கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாகச் சத்தம் போடும். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டுப் பேனா மை விட்டுத் துடையுங்கள். கோடு அப்படியே நின்றால் அது விரிசல், ஈரமும் அதே வழியாகத்தான் உள்ளே போகும். கரண்ட் ஓடும் பாகத்துக்குப் பக்கத்தில் அப்படிக் கோடு இருந்தால், பசை போட்டு ஒட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காமல் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, எனாமலையும் பீங்கான் என்று நினைத்து வாங்குவது. மேலே பளபளப்பாக, ஓரத்தில் நீலக்கோடு போட்டு இருக்கும் பழைய விளக்குத் தொப்பிகள் பெரும்பாலும் இரும்புத் தகட்டில் எனாமல் பூசியவை. ஒரு சின்ன காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எனாமல் தொப்பி தாராளமாக மாட்டலாம், அழகானதுதான், ஆனால் அது உலோகம். உள்ளே ஒயர் உரசி எங்கேயாவது தொட்டால் தொப்பி முழுவதும் கரண்ட் ஏறும். கட்டாயம் எர்த் வேண்டும், அதாவது மூன்று ஒயர். பீங்கான் ஹோல்டருக்கும் வெளியே தெரிகிற மாதிரி பித்தளை மூடியோ சங்கிலியோ இருந்தால் இதே கதைதான்.

சரி, இப்போது நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் ரொம்ப காலமாக, பல்பை அழுத்தித் திருப்பி மாட்டும் பின் டைப் ஹோல்டர்தான். அதில் எந்த ஒயரை எந்தப் பக்கம் கொடுத்தாலும் பல்பு எரியும், எலக்ட்ரீஷியன்களுக்கும் அதுவே கைப்பழக்கம். ஆனால் பழைய பாணியில் இப்போது வரும் பீங்கான் ஹோல்டர்களில் நிறைய இ27 எனும் ஸ்க்ரூ டைப். அதில் கரண்ட் வரும் ஃபேஸ் ஒயர் நடுவில் இருக்கும் புள்ளிக்குத்தான் போக வேண்டும், சுற்றியிருக்கும் மரைக்கு நியூட்ரல். மாற்றிக் கொடுத்தாலும் பல்பு எரிந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. என்றைக்காவது பல்பை மாற்றும்போது பாதி திருகிய நிலையில் பல்பின் உலோக அடிப்பாகத்தில் விரல் படும், அது 230 வோல்ட். சுவிட்சும் ஃபேஸில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் சுவிட்ச் போட்டிருந்தால், அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் பல்பைக் கழற்றச் சொல்லி, சுவிட்சை அணைத்தும் போட்டும் டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இல்லை என்றால் விளக்கு வாங்கும் காசில் முதலில் அதைப் போடுங்கள்.

பீங்கான் கனமானது. கையகலத் தொப்பியே நல்ல கனம் இருக்கும். அதை ஒயரிலேயே தொங்க விடுகிறார்கள்! நாளாக ஆக ரோஸுக்குள் இருக்கும் ஸ்க்ரூவிலிருந்து ஒயர் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். எடையைத் தாங்க உள்ளே தனியாக ஸ்டீல் கம்பியோ சங்கிலியோ வேண்டும், அது கான்கிரீட்டில் அடித்த ஹூக்கில் நிற்க வேண்டும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் மட்டும் மாட்டினால் பலகையோடு சேர்ந்து வந்துவிடும். தேக்குக் கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிக் கூரை கட்டும் மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடு என்றால் செங்கல் இடுக்கில் துளை போடாமல் தேக்குக் கட்டையைத் தேடி அதில் மாட்டுங்கள்.

சுவரில் மாட்டும் பேட்டன் ஹோல்டரில் பிரச்சினை வேறு. சுவர் மேடு பள்ளமாக இருக்கும், ஸ்க்ரூவை முழு பலத்தோடு முடுக்கினால் பீங்கான் பட்டென்று இரண்டாகும். மிஷினால் முடுக்கவே கூடாது. ரப்பர் வாஷர் வைத்துக் கையால், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் அடியில் உருண்டை மரக்கட்டை வைத்தார்கள் இல்லையா, அதில் இந்த வசதியும் இருந்தது.

அப்புறம் வெளிச்சம். என் அக்கா வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு மேல் ஆசையாக ஒரு பீங்கான் விளக்கு மாட்டினோம், வீட்டில் கிடந்த 6500 கெல்வின் வெள்ளை எல்இடியைப் போட்டதும் மேசை டிஸ்பென்சரி மாதிரி ஆகிவிட்டது, சாம்பார் கூட நிறம் வெளுத்துத் தெரிந்தது. மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் பல்பு மாற்றிய பிறகுதான் அக்கா முகத்தில் சிரிப்பு வந்தது. தடித்த பீங்கான் தொப்பி வழியாக வெளிச்சம் ஊடுருவாது, நேராகக் கீழேதான் விழும், மேலே கூரை இருட்டாகவே இருக்கும். அதனால் அது ஒன்றை மட்டும் நம்பி ஹாலை விடக்கூடாது, சுவரோரம் இன்னொரு விளக்கு வேண்டும். மேசைக்கு மேல் என்றால் மேசைப் பலகையிலிருந்து இரண்டரை முதல் மூன்று அடி உயரம் சரியாக இருக்கும். உள்பக்கம் வெள்ளைப் பூச்சாக வாங்குங்கள், கறுப்புப் பூச்சு பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும்.

பீங்கான்தானே, சூடு தாங்கும் என்று பெரிய குண்டு பல்பு போடுவதும் தவறு. பீங்கான் தாங்கும், அதற்குள் வரும் சாதாரண பிவிசி ஒயர் 70 டிகிரிக்கு மேல் தாங்காது. எல்இடி போட்டாலும் தொப்பி குறுகலாக, மேலே காற்றுப் போக வழியில்லாமல் இருந்தால் சூடு பல்பின் அடிப்பாகத்திலேயே தங்கி, பல்பு சீக்கிரம் கெட்டுவிடும்.

துணி சுற்றிய ஒயரை அடுப்புக்கு மேல் கொண்டு போகாதீர்கள், தாளிக்கும் எண்ணெய்ப் புகை நூலில் பிசுபிசுவென்று ஏறிவிடும், கழுவவும் முடியாது. குளியலறைக்கும் மழைச் சாரல் அடிக்கும் திண்ணைக்கும் திறந்த பீங்கான் ஹோல்டர் வேண்டவே வேண்டாம், தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதற்கான ஐபி44 அல்லது அதற்கு மேல் குறித்த மூடிய விளக்கு வாங்குங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றுக்குப் பித்தளை பச்சை பூக்கும், வருடம் ஒரு முறை மெயினை அணைத்துக் கழற்றிப் பாருங்கள்.

வாங்கும்போது தேவைக்கு மேல் ஒன்று சேர்த்தே வாங்கி, பழைய துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். அடுத்த வருடம் போய்க் கேட்டால் அளவு ஒன்றாக இருந்தாலும் அந்த வெள்ளை இருக்காது.